ஐந்து வாக்கியங்கள்

சயோவின் அம்மாவுக்கு,

நீயும் சயோவும் போயிருக்கும் உன் அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொன்ன குளிர்காலத் துணிகளை இன்று எடுத்துக் கட்டினேன். அடியில் சயோவின் ஆங்கில நோட்டு கிடந்தது.

'அஃப்ரெய்ட்' என்றால் பயப்படுவது. அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னது நான்தான். என் டியூஷன் பிள்ளைகள் எல்லோரும் நாய், இடி, பேய் என்றுதான் எழுதுவார்கள்.

சயோ எழுதியிருப்பது இது. அப்பாவின் கார் வந்து நிற்கும் சத்தம் பயம். பீர் கேன் திறக்கும் சத்தம் பயம். அம்மா திடீரென்று பேச்சை நிறுத்தினால் பயம். அம்மா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் பயம். ஞாயிற்றுக்கிழமை பயம்.

அவள் நோட்டை நீட்டியபோது நீ குளியலறையில் இருந்தாய். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சரியா இருக்கா, அப்பா?"

"ஒரு தப்பும் இல்ல. போய்ச் சாப்பிடு."

ஐந்துக்கு ஐந்து போட்டு, பள்ளியில் போடுவதுபோல் சிவப்பு மையில் பெரிய பூவும் வரைந்திருக்கிறேன். கீழே 'இன்னும் ஐந்து எழுது' என்று என் கையெழுத்து.

அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறாள். நாய், இடி, பேய், இருட்டு, பல் டாக்டர்.

துணிகளை அனுப்பிவிட்டேன். நோட்டு என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய ஆங்கில வாத்தியார்