நம்ம மூடி அளவு

என் அருமைப் பட்டறை முதலாளிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தண்ணீர் கேன் மூடிக்கு ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே அளவு முடிவு செய்யும் கூட்டத்தில் நான் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டேன். பெரிய கம்பெனி மேனேஜர்தான் தட்டி எழுப்பினார். "அக்கா, ஓட்டெடுப்பு. எந்திரிங்க."

தூக்கினேனே கையை! ஒரே ஒரு கை வித்தியாசத்தில் நம்ம அளவு ஜெயித்தது. பாவம் அந்த மேனேஜர், நல்ல மனுஷன்!

அவர் அளவு வந்திருந்தால் நம் மூடி அச்சையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டியிருப்போம். இனி அவர்தான் அச்சு மாற்றணும். அதுவரை கேன்காரர்கள் எல்லாரும் நம் வாசலில்தான் நிற்கணும்.

"அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டீர்களே, இதைத்தான் கிழித்தேன். ஒரு கூட்டம் விடாமல் போனேன். வரவே மாட்டேன் என்ற சின்னப் பட்டறைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு போனேன். உங்க தங்கை வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டது போதும், கிளம்பி வாங்க.

ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்க நம் மூடி போட்ட கேனை மேசைமேல் வைத்தேன். மூடி திறக்கவில்லை. கூட்டத் தலைவர் பல்லாலும் கடித்துப் பார்த்தார். எல்லோரும் தாகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

இப்படிக்கு,
உங்கள் குறட்டைக்காரி