முதல் தடவையே வாங்கிக்கொண்டவன்

மெஹர் 19

என் மகள் பரஸ்தூவைப் பெண் கேட்டு வெள்ளிக்கிழமை ஒருவன் தன் அம்மாவோடு வருகிறானாம். பெயர் மேய்ஸம். குழாய் ரிப்பேர்காரன் வருகிறான் என்பதுபோல என் மனைவி ஷொகூஹ் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். என்ன வேலை என்று கேட்டேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏவுகணையும் ட்ரோனும் செய்யும் பட்டறையில் பொறியாளர். பாஸ்தார்களுக்கு, அதாவது புரட்சிக் காவல் படைக்குச் செய்துகொடுக்கும் பட்டறை.

இந்த நாட்டில் இரண்டு ராணுவம். நான் பழையதில் இருந்தவன். ஷா வளர்த்த ஆட்கள் என்று பாஸ்தார்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்கள். தாடியும் அவசரமும் மட்டும் உள்ளவர்கள் என்று நாங்கள் அவர்களைச் சந்தேகப்பட்டோம். ஈராக் போர் முடிந்து எத்தனையோ வருஷமாகியும் அது குறையவில்லை. இஸ்ஃபஹானில் இத்தனை பெண்கள் இருக்க, ஓய்வுபெற்ற கர்னலின் மகள்தான் இவனுக்குக் கிடைத்தாளா?

மெஹர் 21

வந்தான். பூங்கொத்து, ஒரு பெட்டி கஸ் மிட்டாய், இஸ்திரி போட்ட சட்டை. என்னை "ஹாஜி" என்றான். நான் மக்கா பக்கமே போனதில்லை.

ஆழம் பார்க்கலாம் என்று நானே பேச்சை ஆரம்பித்தேன். "ட்ரோன்னு பறக்கிற மொபெட்டைச் செஞ்சு வச்சுக்கிட்டு அதைத்தான் விமானப்படைங்கறீங்களா?"

கோபப்படவில்லை. "விமானம்னா ஓடுபாதை வேணும், ஹாஜி. ஓடுபாதை எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியும். மொபெட்டை மலைக்குள்ள ஒளிச்சு வைக்கலாம். நூறு விழுந்தா இருநூறு அனுப்பலாம். உங்க விமானத்துக்கு ஒரு டயர் வேணும்னா நீங்க யார்கிட்ட போய் நின்னீங்க?"

யாரிடம் நிற்பது? விற்ற அமெரிக்காக்காரனே கடையைப் பூட்டிவிட்டான். விமானத்தைச் சுடும் எங்கள் ஹாக் ஏவுகணை பேட்டரிக்கு ஒரு வால்வு வேண்டுமென்றால் பக்கத்து பேட்டரியைப் பிரித்து எடுப்போம். அவன் சொன்னது சரிதான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு எழுந்து கண்ணாடி அலமாரியைப் பார்த்தான். படிகக் கிண்ணங்களுக்கு நடுவில் ஹூமனின் இரும்புத் துண்டு. தெஸ்ஃபூலில் எங்கள் வீட்டின்மேல் விழுந்த ஈராக் ஏவுகணையின் ஓடு, உள்ளங்கை அகலம். அதில் போன என் தம்பி ஹூமனுக்கு அன்றைக்குப் பதினாறு வயது. நான் ஊருக்கு வெளியே பேட்டரியில் வானத்தைக் காத்துக்கொண்டிருந்தேன். விமானத்தை வீழ்த்தலாம், இதை ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் தலைக்கு மேலேதான் போனது.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "நல்லா பத்திரமா வச்சிருக்கீங்க" என்றான். யார் பாராட்டினாலும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "பீஷ்கேஷ். உங்களுக்கே."

என் ஆயுசில் சோபாவிலிருந்து கைக்கடிகாரம் வரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஐயோ, உங்ககிட்டயே இருக்கட்டும். இவன் "ரொம்ப நன்றி, ஹாஜி" என்று சொல்லிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஷொகூஹின் கையில் தட்டு அப்படியே நின்றது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க எனக்கு நாக்கு வருமா?

மெஹர் 22

அலமாரியில் அது இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு வட்டம்.

மெஹர் 25

நாலு நாளாக யோசிக்கிறேன். ஈரானில் பிறந்து வளர்ந்த எவனும் பீஷ்கேஷை முதல் தடவையே வாங்கிக்கொள்ள மாட்டான். ஒன்று, இவன் சொல்கிற இடத்தில் வளர்ந்தவன் இல்லை. அல்லது அந்த இரும்பு அவனுக்கு எதற்கோ வேண்டும். அல்லது எவனோ அனுப்பி என் வீட்டை நோட்டம் பார்க்கிறான்.

பரஸ்தூ சிரிக்கிறாள். "அப்பா, நீங்க ரொட்டிக் கடைக்காரரையே ரெண்டு மாசம் வேவு பார்த்தவர்." பார்த்தேன்தான். அந்த ஆள் தினமும் இரண்டு தெரு சுற்றிப் போனான். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் பெஹ்ருஸைக் கூப்பிட்டேன். என் பேட்டரியில் இருந்தவன், இப்போதும் பெரிய இடங்களில் ஆள் தெரிந்தவன். பையனைப் பற்றிச் சும்மா விசாரிக்கச் சொன்னேன். பீஷ்கேஷ் விஷயத்தையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "முதல் தடவையேவா?" என்று மட்டும் கேட்டான்.

ஆபான் 6

இளம் அதிகாரிகளுக்கு ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். துருக்கியரிடம் தோற்ற சால்திரான் போரில் ஆரம்பித்தேன். பீரங்கிக்கு எதிரே வாளோடு போய் நின்றோம். பிறகு அடுத்தவனிடம் பீரங்கி வாங்கினோம், அவன் தன் தளபதியையும் சேர்த்து அனுப்பினான். எங்கள் காலண்டரில் ஷஹ்ரிவர் 1320ல், அதாவது 1941ல் பிரிட்டனும் ரஷ்யாவும் நுழைந்தபோது, அவ்வளவு செலவழித்துக் கட்டிய ராணுவம் சில நாளில் கலைந்து வீட்டுக்குப் போனது. பிறகு உலகத்திலேயே நல்ல விமானம் வாங்கினோம், திருகாணி விற்றவனிடம் இருந்தது. அதனால்தான் இன்றைக்கு மலையைக் குடைகிறோம், ஒவ்வொரு மாகாணமும் தனியாகச் சண்டை போடத் தயாராக இருக்கிறது, தலைநகரம் விழுந்தாலும் கை கால் ஆடும். சுருக்கமாகச் சொன்னால் யாரையும் நம்பாதே. அதுதான் எங்கள் பாதுகாப்பு என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

பின் வரிசையில் ஒருவன் கேட்டான்: "அப்போ நமக்குள்ள யாரை நம்பறது, கர்னல் சார்?"

நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபான் 17

பெஹ்ருஸ் போன் செய்தான். பையன் யஸ்தில் பிறந்தவன், அப்பா நெசவு ஆலையில் வேலை பார்த்து இறந்தவர், அழுக்கே இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் கடைசியில், "விஷயம் அவன் வேலை செய்யற இடத்துக்கும் போயிடுச்சுப்பா, அவங்களே பார்த்துக்கறாங்க" என்றான்.

நான் அவர்களிடம் சொல்லச் சொல்லவில்லையே. என்ன பார்க்கப்போகிறார்கள்?

ஆதர் 2

கல்யாணத்துக்கு அனுமதி இல்லை. அவன் வேலை செய்யும் இடம் சொல்லிவிட்டது. காரணம் ஷொகூஹின் தம்பி. டொராண்டோவில் பீட்சா கடை வைத்திருக்கிறான், பதினேழு வருஷமாக. பையனைத் துருவப் போனவர்கள் என் வீட்டைத் துருவியிருக்கிறார்கள். சாதாரணமாக விண்ணப்பித்திருந்தால் இவ்வளவு தோண்டியிருக்க மாட்டார்கள் என்று பரஸ்தூ சொல்கிறாள். எதனால் தோண்டினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.

சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஆதர் 5

"நீங்க யார்கிட்டயாவது பேசினீங்களா?" ஷொகூஹ் கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. என்கூட இத்தனை வருஷம் இருந்ததில் அவளுக்கும் தொற்றிவிட்டது.

தெய் 9

பரஸ்தூ இல்லாத நேரம் பார்த்து மேய்ஸம் வந்தான். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை.

வேலையை விட்டுவிட்டானாம். இந்த வேலையா இந்தப் பெண்ணா என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் பார்த்த வேலை. இனி ஒரு லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில்.

"விசாரணையில ஒண்ணு கேட்டாங்க, ஹாஜி" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினான். "'பீஷ்கேஷ்னு சொன்ன உடனே எதுக்கு வாங்கினே, எங்கே வளர்ந்தவன் நீ'ன்னு. அந்த அறையில அன்னிக்கு அஞ்சு பேர்தான் இருந்தோம். எங்கம்மா சொல்லியிருக்க மாட்டாங்க."

தேநீரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"பரஸ்தூகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா ஏன் வாங்கினேன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். பரஸ்தூதான் வாங்கச் சொன்னாங்க. 'அப்பா எல்லார்கிட்டயும் பீஷ்கேஷ்னு சொல்வாரு, எல்லாரும் திருப்பி வச்சிடுவாங்க. அந்த இரும்பை தினம் பார்த்துப் பார்த்துத்தான் அவர் யாரையுமே நம்பறதில்ல. நீ ஒரு தடவை நிஜமா எடுத்துட்டுப் போயிடு'ன்னாங்க. எனக்கு வெக்கமாத்தான் இருந்தது. எங்கம்மா வெளியில வந்ததும் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க."

அது எங்கே என்று கேட்டேன். விசாரித்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்களாம், பரிசோதிக்க.

போய்விட்டான். ஹூமனுக்கு அழுததற்குப் பிறகு இன்றைக்குத்தான் அழுதேன்.

தெய் 10

பரஸ்தூவிடம் நானே சொல்லிவிட்டேன். பெஹ்ருஸைக் கூப்பிட்டது நான்தான் என்று. பையை எடுத்துக்கொண்டாள். சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இஸ்ஃபந்த் 11

நிக்காஹ் ஒப்பந்தம் முடிந்தது. எதிர்ப்பு இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். பரஸ்தூ பேனாவை நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபர்வர்தீன் 3

புதுவருஷ மரியாதைக்கு இருவரும் வந்தார்கள். பரஸ்தூ தானாகவே சமையலறைக்குப் போய் அம்மாவோடு நின்றாள். மேய்ஸமின் விரல் நகங்களில் கிரீஸ்.

ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தான். மேலே ஏதோ எண் ஒட்டியிருந்தது. உள்ளே ஹூமனின் துண்டு, ஒரு மூலையில் சோதனைக்கு அறுத்த தடம். "போன வாரம் திருப்பிக் கொடுத்தாங்க. இது உங்க தம்பியோடது, ஹாஜி. நீங்களே வச்சுக்கோங்க. பீஷ்கேஷ்."

ஹாஜி என்றது உறுத்தவில்லை.

வேண்டாம் என்றேன். இது மரியாதைக்கு.

மறுபடி என் பக்கம் தள்ளினான். வேண்டாம் என்றேன். இதுவும் மரியாதைக்குத்தான். கை அதற்குள் பாதி நீண்டுவிட்டது.

மூன்றாம் தடவை சொன்னான். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பரஸ்தூ சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெய் மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

வேண்டாம்ப்பா, நீயே கொண்டு போ என்றேன்.

போகும்போது அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அலமாரியில் அந்த இடத்தில் ஷொகூஹ் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்திருக்கிறாள்.