விற்காத வண்டிக்கு ஒரு ஏர் ஃபில்டர்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை, உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கிற சித்தி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். கால் கட்டுப் பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது, டாக்டருக்குத் திருப்தி. ஆனால் நீ மட்டும் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாய். என் போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். இதை உன் தலையணை மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்படி சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் எங்கே போய்விடுவாய்?

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது. உன் அப்பா சரிசெய்கிறேன் என்று இறங்கினார். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. என் மருந்துக் கடையில் துணைக்கு ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். இருமலுக்கும் தும்மலுக்கும் ஒரே பாட்டிலை எடுத்து நீட்டுகிறாள். நல்ல பெண்தான், போகப்போகச் சரியாகிவிடுவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "அந்த வண்டியை வித்துடுங்கப்பா, என் கண்ணுலயே படக் கூடாது" என்று அப்பாவிடம் சொன்னாயாமே. விபத்து நடந்தது நீ பந்தயம் ஓட்டப் போன அந்த ரேஸ் கம்பெனி கொடுத்த காரில். நீ சம்பாதித்து, நீயே பார்த்துப் பார்த்துத் தேற்றிய உன் வண்டி அன்றைக்கு ஷெட்டில் தேமே என்று நின்றிருந்தது. அதன்மேல் என்ன கோபம்?

உன் அப்பாவுக்கு நீ சொன்னது வாயில் சர்க்கரை போட்ட மாதிரி. மறுநாளே வாளியும் துணியுமாக ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். வண்டியைத் துடைத்ததோடு விட்டிருக்கலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். அது நீ போட்டிருந்த துணி ஃபில்டர், கழுவிக் காயவைத்து லேசாக எண்ணெய் காட்ட வேண்டியது என்பார்களே, அது. அவர் கையைத்தான் உனக்குத் தெரியுமே. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டாலே தரையெல்லாம் வழியும். ஃபில்டரை எண்ணெயில் குளிப்பாட்டி எடுத்து மாட்டிவிட்டார்.

வாங்க வந்தவர் கறுப்புக் கண்ணாடியும் சென்ட் வாசனையுமாக ஷெட்டில் நின்றார். அப்பா சாவியைத் திருகினார். வண்டி இருமியது, குலுங்கியது, டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வந்தவர் விடவில்லை. "கூம்பு மாதிரி ஓப்பன் ஃபில்டர் ஒண்ணு வரும், அதை மாட்டி வைங்க சார். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா தெருவே திரும்பிப் பாக்கணும். அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சாரில் எண்ணெய் படிந்துவிட்டதாம். ஏதோ ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தார். பழைய ஃபில்டரின் விளிம்பு உப்பிப் பிய்ந்திருந்ததால் புதிது வேண்டும் என்றார். உதிரிபாகக் கடை என் மருந்துக் கடைக்கு அடுத்த கட்டடம். "நீயே வாங்கிட்டு வந்துடு, நல்லா சத்தம் வர்ற மாதிரி" என்று அப்பா என்னை அனுப்பினார். என்னை அனுப்பியதுதான் அவர் செய்த தப்பு.

கடையில் விற்பனையாளர் என்னைப் பார்த்தார், பிறகு என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார். "சார் வரலையா மேடம்?" என்றார். "சாருக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று பழைய ஃபில்டரைப் பையோடு மேஜையில் வைத்தேன். நான் கேட்கிற கேள்விதான் உனக்குத் தெரியுமே. ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டும்போது, "இதோட பக்கவிளைவு என்ன?" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது.

கூம்பு ஃபில்டர் நல்ல சத்தம் போடுமாம். ஆனால் மறைப்பு இல்லாமல் மாட்டினால் இன்ஜின் சூட்டையே உறிஞ்சிக் குடிக்குமாம். சூட்டுக் காற்று உள்ளே போனால் வேகம் குறையும், சத்தம் மட்டும் கூடும். எனக்கு ரேஸ் கம்பெனி மேனேஜர் ஞாபகம் வந்தது. காகித ஃபில்டர் பொடித்தூசியைக்கூட நன்றாகப் பிடிக்கும், ஆனால் கழுவ முடியாது, அடைத்தால் தூக்கிப் போட வேண்டும். எண்ணெய்த் துணி எங்கள் வீட்டுக் கதை. கடைசியாக ஒன்று, எண்ணெயே வேண்டாத உலர் ஃபில்டர். வண்டியில் இருக்கிற பழைய ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே உட்காரும், கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டலாம். "பவர் அப்படியே எகிறும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபில்டரால மட்டும் அவ்ளோ மாறாது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கையே வந்தது.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார்: "வண்டி எதுக்கு மேடம்? விக்கவா, ஓட்டவா? விக்கிறதுன்னா கூம்பை மாட்டுங்க, பார்ட்டி மயங்கிடும்."

வாலு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த மேனேஜர் என்னிடம் வந்து, "இனிமே அவ பழைய மாதிரி ஓட்ட மாட்டாம்மா, வேற ஏதாவது பாக்கச் சொல்லுங்க" என்றான். அன்றைக்கு எனக்கு நா எழவில்லை. கடையில் எழுந்தது. "ஓட்டத்தான். என் பொண்ணு ஓட்டத்தான்" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. கூம்பு தேவைப்படவில்லை.

அவர் எடுத்துக் கொடுத்த முதல் உலர் ஃபில்டரைப் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ரப்பர் விளிம்பு மெலிதாக இருந்தது, பெட்டியில் இடுக்கு விழும். வேண்டாம் என்றேன். இடுக்கு வழியாகத் தூசி போகுமென்றால் நடுவில் ஃபில்டர் எதற்கு? உள்ளே போய்த் தேடி, சரியான அளவில் வேறொன்று கொண்டுவந்தார்.

வீட்டில் அப்பா பார்த்ததும், "விக்கிற வண்டிக்கு எதுக்கு இது?" என்றார். "விக்கலைன்னுதான் இது" என்றேன். அவர் கத்தினார், நான் அதைவிடக் கத்தினேன். கடைசியில் ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ திரும்ப அதுல ஏறினா நான் எப்படித் தூங்குறது, சொல்லு" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எனக்கும் பயம்தான் என்றேன். "நம்ம பயத்துக்கு அவளைக் கட்டில்ல கட்டிப் போட முடியுமா?" என்றேன். எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஆனால் காலையில் நான் பெட்டியின் கிளிப்பை நெம்ப முடியாமல் திண்டாடியபோது, தானாக வந்து பிடித்துக்கொண்டார். ஃபில்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டி இருமவில்லை.

கறுப்புக் கண்ணாடிக்காரர் மறுபடி வந்தார். வண்டியை விற்பதாக இல்லை என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பி, "என்ன சார், அந்தப் பொண்ணுதான் இனிமே ஓட்டப் போறதில்லையாமே?" என்றார். இத்தனை நாள் விற்கத் துடித்த மனுஷன், முகம் சிவந்து எழுந்து, "யார்யா சொன்னது உனக்கு?" என்று கேட்டார். வந்தவர் செருப்பை மாட்டவும் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நானே வண்டியை வெளியே எடுத்தேன். ஆமாம், எப்போதோ ஓட்டக் கற்று அதோடு விட்டுவிட்ட நான்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். சிக்னலில் அணைந்துபோனது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நிதானமாக மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஊருக்கு வெளியே சாலை காலியாக இருந்த இடத்தில் கொஞ்சம் மிதித்தேன். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது, மரங்கள் பின்னால் ஓடின. நீ எதற்காக இத்தனை வருஷம் எங்களோடு மல்லுக்கு நின்றாய் என்று அப்போது புரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்.

அந்த கிளட்ச் எவ்வளவு கனம் என்று இப்போது எனக்குத் தெரியும். உன் இடது கால் அதற்குத் தேற வேண்டும். நாளைக்கு அந்தப் பெண் வந்தால் உள்ளே விடு. வலித்தால் கத்து, சித்தி வீடு தாங்கும்.

நீ பந்தயத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றால், நீயே நடந்து வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல். அன்றைக்கே விற்றுவிடுகிறேன். படுத்துக்கொண்டு சொல்கிற வேண்டாம் எனக்கு வேண்டாம்.

எனக்குக் கால் எட்டாததால் சீட்டை முன்னால் இழுத்துத்தான் ஓட்டினேன். இறங்கும்போது உன் அளவுக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

உன் கால்களுக்கு என் ஆசி.

அம்மா