மேலே இருப்பதும் மேல்நோக்கிப் போவதும்

ஐயா,

இன்று காலை ஆபிஸில் புதிய கார்பன் தாள் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். அந்த எண்ணெய் வாசனை வந்ததுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. விரலில் மை ஒட்டாமல் நுனியைப் பிடித்துத் தூக்கி, ஊதிவிட்டு, டைப்ரைட்டரில் செருகுவீர்கள். பிறகு வாசலில் நிற்கிற எங்களை ஒரு பார்வை பார்ப்பீர்கள். இங்கிலீஷ் எழுதப் போகிறேன், சத்தம் போடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் ஒருவர் நீங்கள் காலமாகிவிட்டதாகச் சொன்னார். "பெரிய கிளாக்கரய்யா இங்கிலீஷுக்கு வெள்ளைக்காரனே அசந்து போவான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான். மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலம். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எல்லோரும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த வருடம். தோட்டத்தில் பாதிப் பேருக்கு நீங்கள்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தீர்கள். அழகான கையெழுத்து, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொருவரிடமும் விண்ணப்ப ரசீதை நீட்டும்போது, "இந்த ரசீது தொலைஞ்சா இந்தியாவுக்கு அடுத்த கப்பல்ல ஏத்திருவான், தெரிஞ்சுக்க" என்று ஒரு பயத்தையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். நீங்களும் கூலியாட்களுக்குக் கட்டிய வரிசைவீட்டில், ஒரு லயத்து அறையில் பிறந்தவர்தான். அதை யாராவது ஞாபகப்படுத்திவிட்டால் உங்கள் முகம் சுண்டிப்போகும்.

ஆனி மாத மழை மூன்று நாளாக விடாமல் கொட்டியது. கீழ் லயத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலைச் சரிவில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். காலையில் ஒரு முழ நீளம். சாயங்காலம் பார்த்தபோது நாலைந்து ஆள் நீளம் கீழே இறங்கி லயத்தை நோக்கி வந்திருந்தது. ஆபிஸுக்கு ஓடி வந்து சொன்னேன். "வெடிப்பு கீழ வருதுங்கய்யா. கீழ் லயத்துச் சனங்கள உடனே கிளப்பணும்."

அப்போது தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் தொரை வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் "வா", "போ", "சுருக்கா" மட்டும். மலையில் நடப்பது எதுவானாலும் உங்கள் டைப்ரைட்டர் வழியாகத்தான் அவருக்குப் போகவேண்டும். நீங்கள் உட்கார்ந்து எழுதினீர்கள். எழுதியதை எனக்கே வாசித்தும் காட்டினீர்கள், ருசித்து ருசித்து. "தி கிராக் இஸ் எக்ஸ்டெண்டிங் அப்வேர்ட்ஸ் ஃப்ரம் தி லோவர் லைன்ஸ்."

எனக்குத் தெரிந்தது அஞ்சாம் வகுப்பு இங்கிலீஷ். ஆனாலும் மேல், கீழ் தெரியும்.

"அப்வேர்ட்ஸ்னா மேல போறதுங்களே? இது கீழல்ல வருது?"

"கீழ் லயத்துல நின்னு பாரு. வெடிப்பு எங்க தெரியுது?"

"மேலதாங்க."

"அப்ப அப்வேர்ட்ஸ்தான. நீ எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்துட்டியா? போய் ஒன் வேலையைப் பாரு."

ஒரு பொருள் மேலே இருப்பது வேறு, மேல்நோக்கிப் போவது வேறு. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் அது தெரியும். எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு சொல், எங்கிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு வேறொரு சொல், எதுவரை வந்துவிட்டது என்பதற்கு இன்னொன்று. பிற்பாடு நானே இங்கிலீஷ் படித்தபோது ஒரு வாரத்தில் புரிந்துகொண்ட விஷயம் இது. இருபது வருடம் கிளாக்கராக இருந்த உங்களுக்கு அது புரியவில்லை. புரியாததும் குற்றமில்லை. சரிவுக்கு வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். சப்பாத்தில் சேறு படுமே என்று வரவில்லை.

தொரை கடிதத்தைப் படித்தார். வெடிப்பு கீழிருந்து மேலே ஏறுகிறது, ஆகவே ஆபத்து மேல் லயத்துக்கு என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, எழுதியிருந்தது அதுதான். மறுநாள் காலை, ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் நீங்களே உத்தரவைச் சொன்னீர்கள். மேல் லயத்து ஆறு குடும்பமும் இறங்கி, கீழ் லயத்து ஆட்களோடு தங்கவேண்டும்.

பெரட்டு கலைந்ததும் உங்கள் பின்னால் ஓடினேன். "ஐயா, சாவுற எடத்துக்கே சனங்கள அனுப்புறீங்க. தொரைகிட்ட ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுங்க, போதும்." நீங்கள் குடையை விரித்தபடி சொன்னதை எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வைத்திருக்கிறேன். "தொரை கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் போய் நான் எழுதுனது தப்புன்னு சொல்லச் சொல்றியா?"

அதாவது உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. அந்தக் கணத்திலிருந்துதான் ஐயா, உங்கள் மேல் எனக்கிருந்த பயம் போய், வேறொன்று வந்தது.

பெண்கள் மழையில் கம்பளிகளையும் சட்டிபானைகளையும் சுமந்துகொண்டு இறங்கினார்கள். மதியத்துக்குள் வெடிப்பு கீழ் லயத்தின் பின்பக்க வடிகான் வரை வந்துவிட்டது. கானில் ஓடிய தண்ணீர் திடீரென்று மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. அறை அறையாகக் கதவைத் தட்டி, எல்லோரையும் ஸ்டோருக்கு ஏறச் சொன்னேன். தேயிலை அரைக்கிற அந்தக் கட்டடம் பாறைமேல் நின்றது. நீங்கள் ஆபிஸ் வாசலில் நின்று, "யாரு ஆர்டர்ல கூட்டிட்டுப் போற?" என்று கத்தினீர்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலை சரிந்தபோது லயத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான், சடையன். ஸ்டோருக்கு வந்து சேர்ந்தவன், தகரப்பெட்டி லயத்தில் கிடக்கிறது என்று திரும்ப இறங்கி ஓடினான். பெட்டிக்குள் நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் ரசீது. அவன் பெண்சாதி அங்கம்மா, "ஏங்க, வேணாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் நாங்கள் கேட்ட சத்தத்தை எந்தப் பாஷையிலும் எழுத எனக்கு வராது.

விசாரணை நடந்தது. தொரை கேள்வி கேட்டார், நான் தமிழில் பதில் சொன்னேன், அதை இங்கிலீஷில் சொன்னது யார்? நீங்கள். உங்கள் குற்றத்துக்கு நீங்களே மொழிபெயர்ப்பாளர். "கீழ வருதுன்னுதாங்க சொன்னேன்" என்று மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் நீளமாக ஏதோ பேசினீர்கள், தொரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உங்கள் குரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஹட்டனில் சாமான் வாங்குகிற கடை பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். "தம்பி, வெடிப்பு எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்கதான் தப்பாச் சொன்னீங்கன்னு எழுதிருக்கு." பிறகு, "இங்கிலீஷ் படிங்க. இங்க வந்து பழைய பேப்பரெல்லாம் எடுத்துக்கங்க" என்றார். அப்படித்தான் படித்தேன். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மறுபடி கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து, பின்னர் ஆபிஸுக்குள்ளும் வந்தேன். உங்களைப்போல ஆகவேண்டுமென்று அல்ல. உங்களைப்போன்ற ஒருவரிடம் இனி வாசலில் நிற்கக்கூடாது என்று.

சில வருடம் கழித்து அங்கம்மா என்னைத் தேடி வந்தாள். அவள் விண்ணப்பம் விசாரணைக்கு வந்திருந்தது. புருஷன் எப்படி இறந்தான், தாள்கள் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். நான் இங்கிலீஷில் எழுதிய முதல் முக்கியமான கடிதம் அதுதான். அரைநாள் எடுத்தேன். எழுதி முடித்ததும் அவள் கேட்டாள்.

"அவரு எந்தப் பக்கம் போனாருன்னு சரியா எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் தாயி."

"வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். ஸ்டோரிலிருந்து கீழ் லயத்தை நோக்கி இறங்கிப் போனார். லயம் வரை போய்ச் சேர்ந்தார். திரும்பி மேலே வரவில்லை.

அவள் அழவில்லை. "ஆமா, அப்படித்தான்" என்றாள்.

விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள், அத்தாட்சி போதாதாம். உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்வதில்லை. அது மன்னித்துவிட்டதனால் அல்ல. சடையனைப் பற்றிய அந்த மூன்று வரிகள் மட்டும் எனக்கு மனப்பாடம். இங்கிலீஷில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அவை ஒரே பக்கம்தான் போகின்றன.