துணியில் கட்டம் இல்லாத பந்தயம்

ஜனவரி 11, 1993. திங்கள்

முதல் நாள் முடிந்தது. யாரும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அதற்கு மேல் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் பத்து வாரம் படித்ததெல்லாம் காசினோவில் பகடை மேசை முன் நின்ற ஐந்தாவது நிமிடமே மறந்துபோயிற்று. அங்கே எட்டு மாணவர்கள், பொய்ப் பணம். இங்கே பதினான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், எல்லோரும் என்னைப் பார்த்து. ஆறு விழுந்தது. ஆறின் மேல் பணம் வைத்தவருக்கு ஆறு டாலருக்கு ஏழு தர வேண்டும். நான் ஒன்பதின் கணக்கைப் போட்டு ஐந்துக்கு ஏழு கொடுத்துவிட்டேன். நடுவில் உட்கார்ந்து எங்கள் கைகளை மட்டுமே பார்க்கும் பாக்ஸ்மேன் பின்ட்டர், விரலால் மேசையை இரண்டு முறை தட்டினார்.

"மெதுவாப் பண்ணு மார்வா. அவங்க அவசரம் அவங்களோட. உனக்கு எதுக்கு?"

நல்ல மனிதர்தான். ஆனாலும் கை நடுக்கம் நிற்கவில்லை. பதினேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். பனியில், சறுக்கலில், பின்னால் நாற்பது பிள்ளைகளோடு. அப்போது நடுங்காத கை.

ட்வைட் இல்லையென்றால் இந்த வேலையே இல்லை. தங்கை புருஷன் என்பதற்காக இவ்வளவு செய்யும் ஆள் யார் இருக்கிறார்கள்? மேலாளரிடம் பேசி, என்னைத் தன் குழுவிலேயே போடச் சொல்லியிருக்கிறான்.

ஜனவரி 13

எழுதினால்தான் மண்டையில் நிற்கும்.

பாஸ் லைன் – முதல் வீச்சில் ஏழோ பதினொன்றோ வந்தால் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு என்றால் போச்சு. வேறு எது வந்தாலும் அது 'பாயிண்ட்'. ஏழு வருவதற்கு முன் அதே எண் மறுபடி வர வேண்டும். மேசையில் முக்கால்வாசிப் பேர் இதில்தான் இருப்பார்கள்.

டோண்ட் பாஸ் – கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். எல்லோரும் தோற்கும்போது ஜெயிப்பவர்கள். ஓரமாக நிற்பார்கள், சத்தம் போட மாட்டார்கள்.

பாயிண்ட் விழுந்த பிறகு பாஸ் லைன் பந்தயத்துக்குப் பின்னால் வைக்கும் கூடுதல் பந்தயம் – முழு மேசையிலும் காசினோவுக்கு லாபமே இல்லாத பந்தயம் இது ஒன்றுதான். அதற்கு மேசை மேல் விரித்த துணியில் கட்டம் கிடையாது, பெயரும் எழுதியிருக்காது. தெரிந்தவர் வைப்பார்.

ஹாப் – இதற்கும் எங்கள் துணியில் கட்டம் இல்லை. "அடுத்த வீச்சில் ஐந்தும் மூன்றும்" என்று வாயால் சொல்லி, காசுக்குப் பதிலாக ஆடும் பந்தய வில்லையை எறிவார்கள். ஒரே ஒரு வீச்சு. வந்தால் ஒன்றுக்குப் பதினைந்து. பகடை கையை விட்டுப் போவதற்கு முன் சொல்ல வேண்டும், எங்களில் ஒருவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் அது பந்தயமே இல்லை.

எனக்கு ஹாப் என்றால்தான் பயம். மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இது காற்றில் இருக்கிறது.

ஜனவரி 14

ஆறில் இன்று தப்பு இல்லை. எட்டில் ஒன்று.

ஜனவரி 19. செவ்வாய்

கோல் இன்று என் கையில் இருந்தது. நாங்கள் நாலு பேர் ஒரு குழு. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறுவோம். இரண்டு முனையிலும் ஒவ்வொருவர், நடுவில் கோல் பிடித்துப் பகடையைத் தள்ளிவிடுபவர் ஒருவர், இன்னொருவருக்கு ஓய்வு. ஹாப் பந்தயத்துக்குக் கோல் பிடிப்பவர்தான் பொறுப்பு. நான் கோல் பிடிக்கும்போதெல்லாம் வலது முனையில் ட்வைட்.

வலது மூலையில் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். பகடை பறக்கும் நேரத்தில் ஏதோ முணுமுணுத்தபடி இரண்டு வில்லையை எறிந்தார். பின்ட்டர் அப்போது இடது பக்கம் ஒரு பெண்மணியின் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தார். பகடை நின்றது. ஐந்து, மூன்று.

"ஐந்து மூன்று ஹாப், சொன்னார், கேட்டேன்" என்று ட்வைட் பணத்தைத் தள்ளினான்.

எனக்குக் கேட்கவில்லை. அவரிடமிருந்து நாலைந்து அடியில்தான் நின்றேன். சொல் எதுவும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் ஓய்வறையில் ட்வைட்டிடம் சொன்னேன். சிரித்தான். "காதைத் தீட்டி வெச்சுக்க மார்வா. புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான், வெறும் இரைச்சலாக் கேக்கும். ஆறு மாசம் போனா ஒவ்வொரு வாயும் தனித்தனியாக் கேக்கும்."

காது டாக்டரைப் பார்க்க வேண்டுமோ?

ஜனவரி 22

பச்சைத் தொப்பி மறுபடி. மூன்று முறை முணுமுணுத்தார், இரண்டு முறை அவருக்குப் பணம் போயிற்று. ஒவ்வொரு முறையும் பின்ட்டரின் தலை மறுபக்கம். ஒவ்வொரு முறையும் கோல் என் கையில்.

இன்று நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. எண் எதுவும் வரவில்லை. "ம்ம்ஹ்ம்ம்" – அவ்வளவுதான்.

நான் தப்பாக நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 24. ஞாயிறு

தங்கை கோரலி வீட்டில் சாப்பாடு. மாட்டிறைச்சி ரோஸ்ட், உருளைக்கிழங்கு. ஏழாவது மாதம் அவளுக்கு. மூன்று முறை கலைந்து, முப்பத்தொன்பது வயதில் இது தங்கியிருக்கிறது. நாற்காலியில் உட்காரும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள்.

சாப்பிடும்போது, சும்மா கேட்பதுபோல, "ஹாப்புல ஒருத்தர் எவ்வளவு தடவை ஜெயிக்க முடியும் ட்வைட்?" என்றேன்.

இறைச்சியை அறுத்துக்கொண்டிருந்த அவன் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு, "கேட்டியா கோரலி, உங்க அக்காவுக்கு ரெண்டு வாரத்துலயே படிப்பு ஏறிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல பின்ட்டர் நாற்காலிய இவதான் புடுங்கப்போறா" என்றான்.

கோரலி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜனவரி 25

பள்ளியில் கொடுத்த பகடையைச் சமையலறை மேசையில் போட்டேன். ஐந்து-மூன்று என்று சொல்லிச் சொல்லி, சுவரில் மோதும்படி நூறு தடவை. ஆறு தடவை வந்தது. சரிதான். முப்பத்தாறு விதமாக விழலாம், அதில் இரண்டுதான் ஐந்து-மூன்று. பதினெட்டு வீச்சுக்கு ஒன்று.

இங்கே எழுதாத நாட்களையும் சேர்த்து, பச்சைத் தொப்பி என் கண் முன்னால் வைத்தது பதினொன்று. பணம் வாங்கியது எட்டு.

காது நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாமல் போயிருந்தால் தேவலை.

ஜனவரி 27. புதன்

கேட்டுவிட்டேன். வேலை முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில். காற்றில் பனித்தூள் பறந்துகொண்டிருந்தது.

"அந்த ஆள் ஒண்ணுமே சொல்லல ட்வைட். பகடை விழுந்தப்புறம் நீ தான் சொல்ற."

மறுப்பான் என்று நினைத்தேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கார்க் கண்ணாடியிலிருந்த பனியைக் கையுறையால் நிதானமாகத் துடைத்தான்.

"மேல இருக்கிற கேமராவுல சத்தம் பதியாது, தெரியுமா? படம் மட்டும்தான். யார் என்ன சொன்னாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆனா கோல் யார் கையில இருந்துச்சுன்னு நல்லாத் தெரியும்."

"என்ன சொல்ற நீ?"

"பயப்படாதேன்னு சொல்றேன். உனக்குக் கேக்கல, அவ்வளவுதான். புதுசு நீ. யாரும் உன்னத் தப்பா நினைக்க மாட்டாங்க. வாயத் திறந்தாத்தான் நினைப்பாங்க."

பிறகு என் தோளைத் தட்டிவிட்டு, "கோரலிய இப்ப எதுவும் கலங்க வைக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கார்" என்றான்.

வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் விளங்கியது. அவன் ஏன் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தான், ஏன் தன் குழுவிலேயே போடச் சொன்னான் என்று. தன் காதையே நம்பாத ஒருத்தி கோல் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 28. வியாழன்

விடுமுறை. பகல் பதினொரு மணிக்கு மளிகைக் கடையில் காப்பித்தூள் எடுக்கக் கை நீட்டினேன். பக்கத்தில் ஒரு கை வந்து அந்த டப்பாவை எடுத்து என் தள்ளுவண்டியில் வைத்தது. பச்சைத் தொப்பி இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"இதுதானே வாங்குவீங்க? நல்ல தூள்." குரல் மிக மென்மை. முணுமுணுப்பே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. "தங்கச்சிக்கு ஏப்ரல்ல தேதியாமே. நல்லபடியா ஆகட்டும். வீட்டுல ஒரு குழந்தை வர்ற நேரத்துல எல்லாரும் நல்லபடியா இருக்கணும், இல்லையா?"

போய்விட்டார். தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கதவைப் பூட்டி, நாற்காலியைக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்து – பகல் வெளிச்சத்தில் – அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்ல? பின்ட்டரிடமா? அவரே இதில் இருந்தால்? கோரலியிடமா? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என்னால்தானே. வேலையை விட்டுவிடலாமா? விட்டால், பயந்து ஓடினாள், அவளும் கூட்டு என்பார்கள்.

ட்வைட்டும் பயந்துதான் இருக்கிறானோ. பனியைத் துடைத்த அந்தக் கை – இப்போது நினைத்தால் – தேவையில்லாத இடத்தையும் துடைத்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 29

காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 30

இன்றும்.

பிப்ரவரி 1. திங்கள்

போனேன். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் சான்றிதழ் கேட்பார்கள்.

மூன்றாவது சுற்றில் கோல் என் கைக்கு வந்தது. வலது முனையில் ட்வைட். மூலையில் பச்சைத் தொப்பி. இடதுபுறம் ஒருவர் பெரிய நோட்டுக்கட்டை வைக்க, பின்ட்டர் அந்தப் பக்கம் திரும்பினார். எல்லாம் அதே மாதிரி. பகடையைத் தள்ளினேன். ஒரு இளம்பெண் எடுத்து வீசினாள். பகடை பறக்கும்போது அந்த முணுமுணுப்பும் இரண்டு வில்லைகளும்.

நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. இதை உண்மையாக எழுத வேண்டும். தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. வாய் தானாகத் திறந்தது. பகடை இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

"பந்தயம் இல்லை."

என் குரல்தான். பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும்படி கத்திப் பழகிய குரல். ஆறும் இரண்டும் விழுந்தன. ட்வைட்டின் கை பாதி வழியில் நின்றது.

"நான் சொன்னேனே" என்றார் தொப்பிக்காரர்.

"யாரும் திருப்பிச் சொல்லல சார். பந்தயம் இல்லை." கோலால் அந்த இரண்டு வில்லைகளையும் அவர் பக்கம் தள்ளினேன். கோல் நுனி ஆடியது. எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

பின்ட்டர் திரும்பிவிட்டார். என்னைப் பார்த்தார், ட்வைட்டைப் பார்த்தார். பிறகு வழக்கத்தைவிட மெதுவாக, "கோல் சொன்னா சொன்னதுதான். பகடையக் குடு" என்றார்.

தொப்பிக்காரர் போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது.

பிப்ரவரி 3. புதன்

மாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். பின்ட்டர், காசினோ பாதுகாப்பு அதிகாரி, மாநிலச் சூதாட்டக் கண்காணிப்புத் துறையிலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும். டிசம்பரிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். நான் சேர்வதற்கு முன்பே. ஒரு பெரிய திரையில் சத்தமில்லாத படம். ட்வைட்டின் கை. தொப்பி. நடுவில் கோலோடு நான். எவ்வளவு சின்னதாகத் தெரிகிறேன்.

அந்தப் பெண் அதிகாரி கேட்டாள்: "இந்த இடத்துல அவர் என்ன சொன்னார்? உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை அது, பாதி உண்மை. புதியவள், இரைச்சல், என் மேல் தப்பில்லை. ட்வைட் மேலும் ஒன்றும் நிற்காது. அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தையேதான்.

"நல்லாக் கேட்டுச்சு" என்றேன். "அது எண் இல்லை. வெறும் முணுமுணுப்பு. எல்லாத் தடவையும் அப்படித்தான்."

மளிகைக் கடையையும் சொன்னேன். வண்டி நிறுத்துமிடத்தையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பயத்தில்தான் சொன்னேன். அந்த அதிகாரிகளைக் கண்ட பயம், ட்வைட்டைக் கண்ட பயத்தைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது. அப்படித்தானா? தெரியவில்லை.

பிப்ரவரி 5. வெள்ளி

கோரலி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள், கோட்டு வயிற்றின் மேல் மூடாமல்.

"விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க அக்கா. பக்கத்து வீட்டுல எல்லாரும் பாத்தாங்க."

"உள்ள வந்து உட்காரு முதல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் அவரக் கேட்டிருப்பேன். நிறுத்த வெச்சிருப்பேன்."

"நீ இருக்கிற நிலைமையில எப்படிம்மா..."

"என் நிலைமைய எல்லாரும் நல்லா வெச்சு ஆடிட்டீங்க. அவரும் குழந்தைக்காகத்தான் செஞ்சேங்கறார். நீயும் குழந்தைக்காகத்தான் சொல்லலங்கற." அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இனி எனக்குப் போன் பண்ணாத."

படியில் பனி உறைந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். உதவப் போனால் வழுக்கிவிடுவாளோ என்று பயந்து நான் அசையாமல் நின்றேன்.

மார்ச் 9

தொப்பிக்காரரை அரிசோனாவில் பிடித்துவிட்டார்களாம். பெயர் லைல் ஹப்பர்ட் என்று பேப்பரில் பார்த்தேன். ட்வைட் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பதினான்கு மாதச் சிறை.

என்னை வேறு குழுவில் போட்டிருக்கிறார்கள். ஓய்வறையில் நான் நுழைந்தால் பேச்சு மாறுகிறது. மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன். பின்ட்டர் மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்து சூப் குடித்துவிட்டுப் போவார்.

ஆறும் எட்டும் இப்போது யோசிக்காமலே கையில் வருகின்றன.

ஏப்ரல் 2

போன் செய்யவில்லை. அவள் வீட்டுத் தெருவழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். விளக்கு எரிந்தது. நிறுத்தவில்லை.

ஏப்ரல் 13. செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. நாலைந்து முறை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும். வைத்துவிடலாம் என்று நினைத்தேன், கை வரவில்லை.

பிறகு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. புத்தம்புதிதான அழுகை, கிறீச்சென்று. யாரோ ரிசீவரை அதன் அருகே கொண்டுபோனதுபோலச் சத்தம் பெரிதாயிற்று. இரண்டு நிமிடம் இருக்கும். மூன்றுகூட இருக்கலாம். நான் எதுவும் பேசவில்லை. பேசினால் வைத்துவிடுவாளோ என்று பயம்.

அழுகை அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தாள்.