ஒரு சொல்லின் சிக்கனம்

என்னவருக்கு வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முதுகுவலியும் பாப்பாவின் சளியும் எப்படி இருக்கின்றன?

இந்த விடுதிச் சமையலறையில் ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பார்த்து அசந்துவிட்டேன். ‘ரன்’ என்றால் ஓடுவது என்றுதான் நானாகப் படித்து வைத்திருந்தேன். இங்கே குழாயில் தண்ணீர் வந்தாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன்.

“இந்த இங்கிலீஷ்காரங்களுக்கு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமாக்கா?” என்று தலைமைச் சமையல்கார அக்காவிடம் கேட்டேன்.

“பஞ்சமில்லடி, சிக்கனம். உன்ன மாதிரி. ஆதியிலயே ஆள் ஓடினாலும் தண்ணி ஓடினாலும் அதே சொல்லுதானாம். மத்ததெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிச்சு.”

ஒரே பழம்புடவையைத் தூளியாகவும் திரையாகவும் கரித்துணியாகவும் ஆக்குவேனே, அந்தச் சாமர்த்தியம் அந்தச் சொல்லுக்கும் இருக்கிறது.

அக்கா வேலையை விட்டுப் போகிறார். இன்னும் ஒரு வருடம் இருந்து சமையலறையை நீயே ‘ரன்’ பண்ணு என்கிறார் மேனேஜர். பெருமையாகத்தான் இருக்கிறது. பாப்பாவிடமும் கேட்டு, இருக்கவா வரவா என்று எழுதுங்கள்.

பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்று அனுப்புங்கள், கரித்துணிக்கு ஆகும். உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன். சட்டையைத் துவைக்க வேண்டாம்.