பதில் வேண்டாத கேள்வி

அண்ணாச்சி,

இன்று காலை, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பெட்டிக்கடையில் யாரோ இஞ்சி சோடா உடைத்துக் குடித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர், "என்ன பெரியவரே, உமக்கும் ஒண்ணு உடைக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, போகிற வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் கையால்தான் எழுதுகிறேன், அண்ணாச்சி. ஒரு வரி முடிக்க, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகிறது. ஆனால் முடித்த வரியைத் திரும்பிப் பார்க்கும்போது, கோணாமல் உழுத ஏர்த்தடத்தைப் பார்ப்பது போல அப்படி ஒரு சந்தோஷம். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பாக்கி இருந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மணியாச்சி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து முடித்து, ரிட்டயராகி, மதினி பிறந்த ஊர் என்று நீங்கள் எங்கள் ஊருக்கு வந்த புதிது. ஒரு படி பாசிப்பயறு கொடுக்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நாற்காலியைக் காட்டி, "ஒய் டோன்ட் யூ சிட் டவுன்?" என்றீர்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "நீரு ஏன் உக்காரக்கூடாதுன்னு கேட்டேன்" என்றீர்கள்.

கேட்டுவிட்டாரே என்று நானும் பதில் சொன்னேன். "கால்ல கரிசல் ஒட்டியிருக்கு அண்ணாச்சி. மாட்ட வேற அவுத்து விட்டிருக்கேன். மேக்க இருட்டிக்கிட்டு வருது."

நீங்கள் சிரித்த சிரிப்பில் மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். "ஏட்டி, இங்கன வந்து பாரு. நான் நாற்காலியக் காட்டுதேன், இவரு காரணம் சொல்லுதாரு!"

அப்புறம் பொறுமையாகச் சொன்னீர்கள். "வே, இது பதில் கேக்குற கேள்வி இல்ல. உக்காரும்ன்னா அதிகாரம் பண்ணுத மாதிரி. ஏன் உக்காரலன்னா குத்தம் சொல்லுத மாதிரி. எங்க பழைய ஸ்டேஷன் மாஸ்டர் இப்படித்தான் இங்கிலீஷ்ல கேப்பாரு. கேட்டா நாற்காலிய இழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். நீரு பேசாம உக்காரும்."

உட்கார்ந்தேன். அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த நாற்காலி எனக்குத்தான்.

ஊரில் யாரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. மழைக்கு முன்னாலேயே காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முந்திப் போட்டால் எறும்பு கொண்டு போகும். பிந்தினால் சேற்றில் கால் வைக்க முடியாது. ஒரு புரட்டாசியில் உளுந்து விதையை வைத்துக்கொண்டு நான் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் குடையோடு வரப்பில் வந்து நின்று, "வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" என்றீர்கள். எதற்குக் காத்திருக்கிறீர் என்று அர்த்தம். அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. பதில் சொல்லாமல் ஏரைப் பூட்டினேன். நான்காம் நாள் மழை. டீக்கடையில் உங்கள் தலை தெரிந்தாலே, "ஏலே, ரயில்வே இங்கிலீஷ் வருது, ஓடுங்கலே, ஏதாவது வேல வச்சிரும்" என்பார்கள். ஆனால் ஒருவரும் ஓடினதில்லை.

ஊரில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு ஆரம்பித்தபோது மட்டும் நான் பழைய மாதிரி காரணம் சொன்னேன். கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, டீச்சர் என் பேத்தி வயசு, மருமகள் சிரிப்பாள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் "வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" என்று அந்த ஒரு கேள்வியையே திருப்பிக் கேட்டீர்கள். கடைசியில் என்னோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தும்விட்டீர்கள். "ஐயாவுக்கு எழுதத் தெரியுமே?" என்று டீச்சர் கேட்டதற்கு, "நான் துணைக்கு வந்தவன்மா. இவரு தப்பி ஓடாம பாக்கணும்" என்றீர்கள். நான் அகரவரிசை முடிக்கும்வரை துணைக்கு இருந்தீர்கள்.

இனி எழுதுவதுதான் கஷ்டம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நீங்களும் நானும் விலக்கில் இருந்தோம். பேச்சுக்கு நடுவில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் கேட்டேன்: "அண்ணாச்சி, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"வேண்டாம் வே. வாய்வுதான். ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்."

இஞ்சி சோடா வாங்கி வந்தேன். கொடுத்த கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். நீங்கள் பாதிதான் குடித்தீர்கள். அப்போது கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. போர்டைப் படிக்கத் தெரியவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தினார். "பெரியவரே, ஏறுதீங்களா?" என்றும் கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கையை அசைத்தீர்கள். "இல்ல, நீங்க போங்க" என்று நான்தான் சொன்னேன்.

பதில் வேண்டாத கேள்வியை ஊருக்கெல்லாம் கேட்டவர் நீங்கள். உங்களுக்கு ஒரு முறை அது தேவைப்பட்டபோது, பக்கத்தில் இருந்த நான் பதில் கேட்டேன். கேட்டு, அந்தப் பதிலை மரியாதையாக வாங்கிக்கொண்டேன். கையைப் பிடித்து ஏற்றியிருக்க வேண்டும். பஸ்ஸில் இடமும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது உங்களுக்கு மூச்சு இல்லை.

மதினி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பஸ் ஒண்ணும் வரலியா?" என்பதுதான். அதற்குப் பதில் வேண்டியிருந்தது, அண்ணாச்சி. நான், "வரல மதினி" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷமாக அந்தச் சொல்லோடுதான் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுகிறேன். "கடைசில நீங்களாவது கூட இருந்தீங்க, அது போதும்" என்று மதினி காப்பி தருவார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

போன வாரம் மதினிக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரி என்றதும், "அதெல்லாம் வேண்டாம் கொளுந்தனாரே, வெந்நி ஊத்தினா வத்திரும்" என்றார்கள். நான் பதிலைக் காதில் வாங்கவில்லை. செருப்பை எடுத்து அவர்கள் காலுக்கு முன்னால் வைத்து, "பஸ் வருது மதினி, இன்னும் செருப்பு மாட்டலியா?" என்றேன்.

"அந்த மனுசன் போயும் அவிய தொந்தரவு போகல, உம்ம ரூபத்துல வருது" என்று வைதுகொண்டே காலை நுழைத்தார்கள். நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையில் வீக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி, ஜன்னலைப் பார்த்தபடி, "அன்னைக்கும் இப்படி ஒரு பஸ் வந்திருந்தா அவியள ஏத்திக் கொண்டுபோயிருப்பீங்க, என்ன?" என்றார்கள். விலக்கு வந்துவிட்டது என்று சொல்லி நான் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத, கேட்க வேண்டிய ஆள் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருப்பது தெரிகிறது. நோட்டை மதினி கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவர்கள் நன்றாகப் படிப்பார்கள். அது வேண்டாம். நானே போய் வாய்விட்டுப் படிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். பஸ் வந்து நின்றது என்கிற வரி வரும்போது நிறுத்திவிடாமல், கடைசிவரை படித்துவிட்டு, அவர்கள் என்ன சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.